மானியம் இல்லாத நாட்டில் ஒரு சிப்ஸ் கடை

கிருசாந்தி கோபப்பட்டு நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபமும் ஒரு மனிதர் மேல் இல்லை, ஒரு பெட்டி உறைந்த சிப்ஸ் மேல்.

ஆக்லாந்தில் ஒனிஹங்கா கடைத்தெருவில், ரயில் நிலையத்துக்கு இறங்கும் பக்கத்தில் அவருடைய மீன் சிப்ஸ் கடை இருக்கிறது. நான் குடியிருப்பது அதற்குப் பின்தெரு. நான் கோயம்புத்தூர்க்காரி, மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம். விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கியவர், பிறகு இந்தக் கடையை ஒரு சீனத் தம்பதியிடமிருந்து வாங்கினார். கடையோடு சேர்த்து அவர்களுடைய பழக்கத்தையும் வாங்கிக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கடைகளும் உறைந்த சிப்ஸுக்கு மாறிய பிறகும் அங்கே உருளைக்கிழங்கைத் தோலுரித்து, விரல் விரலாக வெட்டி, இருமுறை பொரித்துத்தான் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் தாங்காது. அன்றைக்கு அவர் சைவம். நாள் முழுக்க மீனை மாவில் தோய்த்துப் போடுவார், ஒரு துண்டு வாயில் வைக்க மாட்டார்.

கோபம் வந்தது 2020இல். ஊரடங்கு சற்றுத் தளர்ந்து, கதவுக்கு வெளியே மேசை போட்டுப் பொட்டலம் கொடுக்கலாம் என்று அனுமதி வந்திருந்த நேரம். அவருடைய தம்பி யசீகரன் விரியில் உறைந்த உணவு இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பக்கம் இருந்தான். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நான் என் பொட்டலத்துக்காக எட்ட நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, இதை ஒருக்காப் பொரிச்சுப் பாருங்கோ. நீங்கள் கிழங்கு வாங்கி, உரிச்சு, வெட்டி முடிக்கிற செலவில அரைவாசிதான் வரும்."

"எங்கயிருந்து வருது?"

"பெல்ஜியம்."

கிருசாந்தி கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோட்டக்காரன் ராகேஷின்ர கிழங்கு புகெகோஹேயில இருந்து வருது. காரில போனா பத்துப் பாட்டுக் கேட்டு முடியிறதுக்குள்ள போயிடலாம். இது உலகத்தின்ர அந்தக் கரையில இருந்து கப்பல் ஏறி, ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து வருது. இது எப்பிடியடா மலிவு?"

"அங்க ரெஸ்டோரன்ட் எல்லாம் பூட்டு, அக்கா. கிழங்கு குவிஞ்சு கிடக்குது. அதோட அங்க தோட்டக்காரருக்கு அரசாங்கம் வருஷா வருஷம் காசு குடுக்கும். விலை விழுந்தாலும் அவையள் விழமாட்டினம்."

"ஏன் குடுக்கினம்?"

"பணக்கார நாடுகள். இருக்குது, குடுக்கினம்."

"இதுவும் பணக்கார நாடுதானே. இஞ்ச ஏன் குடுக்கேல்லை?"

யசீகரன் பதிலுக்குப் பெட்டியின் விலைச்சீட்டை எடுத்துக் காட்டினான். அப்போதுதான் அவர் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அது மேசையிலிருந்து விழுந்தே போயிற்று. "எனக்கு விளங்காத சாமானை நான் விக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். விழுந்த பெட்டியைத் தம்பி தூக்கிக்கொண்டு போனான்.

வேறொருவராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். கிருசாந்திக்கு ஒரு கேள்வி உள்ளே போய்விட்டால் அது வெளியே வரும்வரை ஓயமாட்டார். அடுத்த சில வாரங்களில் கடைக்கு வந்தவர் எல்லோரிடமும் அதைக் கேட்டார்.

ஹென்ட்ரிக் என்று ஒரு முதியவர் வியாழக்கிழமைதோறும் வருவார். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்த்தவர், டச்சுக்காரர், சிறுவனாகப் பெற்றோரோடு இங்கே குடிவந்தவர். பொட்டலத்துக்குக் காத்திருந்த நேரத்தில் கிருசாந்தி அவரிடமும் கேட்டார். அவர் உடனே சிரித்தார். அவருடைய தம்பி பிற்காலத்தில் நெதர்லாந்துக்கே திரும்பிப் போய், கடல்நீரை வற்றவைத்து எடுத்த நிலத்தில் பண்ணை வைத்திருக்கிறாராம். ஆண்டுதோறும் நிலத்தின் அளவுக்குத் தக்கபடி பணம் வருமாம். தம்பிக்கு அதில் கொஞ்சம் வெட்கம், ஆனால் வேண்டாம் என்று சொல்வதில்லை.

"ஏன் கொடுக்கிறார்கள்?"

ஹென்ட்ரிக்கின் சிரிப்பு நின்றது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் சாப்பிட எதுவும் இல்லை என்றார். அம்மா துலிப் பூவின் கிழங்கை அவித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பசியில் செத்துப்போனது. போருக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பசியைக் கண்ணால் பார்த்தவர்கள். இனி ஒருபோதும் அடுத்த நாட்டுக் கப்பலை நம்பி இருக்கக் கூடாது, நம் ஆள் உழுதுகொண்டே இருக்க வேண்டும், அதற்கு என்ன விலையானாலும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

"அது அன்றைக்கு. இப்போது அங்கே யாரும் பசித்திருக்கவில்லையே?" என்றார் கிருசாந்தி.

"இப்போது அவர்களிடம் டிராக்டர் இருக்கிறது. பணத்தைக் குறைப்போம் என்று எந்த மந்திரியாவது வாயைத் திறந்தால் அத்தனை டிராக்டரும் தலைநகரத்துத் தெருவில் வந்து நிற்கும்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார் ஹென்ட்ரிக்.

இது பாதி பதில். இங்கே ஏன் கொடுப்பதில்லை என்ற மறு பாதியைக் கேட்க கிருசாந்தி ராகேஷிடம் போனார்.

ராகேஷின் தாத்தா குஜராத்திலிருந்து வந்து புகெகோஹே செம்மண்ணில் கிழங்கும் வெங்காயமும் போட்டவர். இப்போது மூன்றாம் தலைமுறை. கிருசாந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனார். அவருடைய வேன் பழுது. அதனால் நான்தான் காரில் கூட்டிப்போனேன். ராகேஷின் அப்பா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இங்கேயும் ஒரு காலத்தில் கொடுத்தார்கள் என்றார். காய்கறிக்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குத்தான். ஆடு எத்தனையோ அதற்குத் தக்க பணம். சந்தையில் யாரும் கேட்காத ஆட்டைக்கூட வளர்த்தார்கள். எண்பத்து நான்கில் நாட்டின் கஜானா காலியானதும் அரசு எல்லாவற்றையும் வெட்டியது. சிலர் நிலத்தை விட்டுப் போனார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். பெரும்பாலோர் தாக்குப்பிடித்தார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து விளைவிக்கக் கற்றுக்கொண்டார்கள். "எங்களை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது.

ராகேஷிடம் அந்தப் பெருமை இல்லை. "அப்பாவின் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள், எல்லோரும் சேர்ந்து எழுந்தார்கள். நான் இங்கே தனியாக ஓடுகிறேன். எனக்குப் போட்டியாக வருகிற ஐரோப்பியன் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வருகிறான்" என்றான். பக்கத்துக் காணியை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். அவனையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரும் வசந்தத்தில் கிழங்கு நடுவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

திரும்பி வரும் வழியில், மனுரேவா தாண்டும்போது கிருசாந்தி தானாகச் சொன்னார்.

"வைஷாலி, எங்கட அப்பாவும் தோட்டக்காரர்தான். மிளகாய், வெங்காயம். எழுபதுகளில அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய் வரக்கூடாது எண்டு தடை போட்டது. அப்பாக்கு நல்ல காலம். கல்வீடு கட்டினார், லாண்ட்மாஸ்டர் எண்ட உழவு மெசின் வாங்கினார். பிறகு ஆட்சி மாறிச்சுது, கதவைத் திறந்து விட்டிட்டினம். மிளகாய் கப்பல் கப்பலா வந்து இறங்கிச்சுது. நான் அப்ப சின்னப்பிள்ளை. லாண்ட்மாஸ்டரை வேற ஆள் ஓட்டிக்கொண்டு போனதுதான் ஞாபகம்."

"அப்போ தடை இருந்தது சரின்னு சொல்றீங்களா அக்கா?"

"அதுதான் எனக்குத் தெரியேல்லை. அப்பா கல்வீடு கட்டின அதே காலத்தில கொழும்பில சனம் பாணுக்கு, அதுதான் உங்கட பிரெட்டுக்கு, வரிசையில நிண்டது. அப்பா நல்லாயிருக்கிறதுக்கு அவையள்தான் காசு குடுத்திருக்கினம், அவையளிட்டக் கேட்காமலே எடுத்தது. இப்ப விளங்குதே? தோட்டக்காரன் தோட்டத்தில நிக்கவேணும் எண்டால் ஆரோ ஒருத்தர் கொஞ்சம் கூடக் குடுக்கத்தான் வேணும். பெல்ஜியத்தில வரி கட்டுறவை குடுக்கினம். இஞ்ச ஒருத்தரும் இல்லை."

வீட்டில் அவருடைய மகள் பிரணவி, அப்போது பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முதலாண்டு. அவள் இதைக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை கிருசாந்தி பிறகு எனக்குச் சொன்னார். "மம், ஐரோப்பாவில் வரி கட்டுகிறவர்கள் நம்முடைய மதியச் சாப்பாட்டுக்குப் பாதிப் பணம் கொடுக்கிறார்கள். பரிசு வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?"

"அவள் சொல்றதும் சரிதான்" என்றார் கிருசாந்தி. "பரிசு வேண்டாமெண்டு சொல்லேலாது. ஆனா பரிசு குடுக்கிறவன் ஒருநாள் நிப்பாட்டுவான். அண்டைக்கு ராகேஷின்ர காணியில வீடு நிக்கும். வீட்டை இடிச்சுப்போட்டுக் கிழங்கு நடுறதே?"

அடுத்த திங்கள் கடைக்கு விடுமுறை. அன்றைக்கு ஒனிஹங்காவிலிருந்து மங்கரேவரை மீன் சிப்ஸ் கடை வைத்திருக்கிறவர்களை அழைத்தார். வந்தவர்கள் வெகு சிலர்: ஒரு சமோவாப் பெண், இரண்டு சீனக் குடும்பங்கள், ஒரு பஞ்சாபி, ஒரு வியட்நாமியர். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கிருசாந்தி இரண்டு தட்டு பொரித்து வைத்தார். ஒன்று ராகேஷின் கிழங்கு, இன்னொன்று, எனக்கே ஆச்சரியம், தம்பியிடம் காசு கொடுத்து வாங்கிய பெல்ஜியத்துப் பெட்டி. எது எதுவென்று சொல்லவில்லை.

எல்லோரும் தின்று பார்த்தார்கள். பெரும்பாலோர் கைகாட்டியது பெல்ஜியத்துத் தட்டை.

எனக்குச் சங்கடமாக இருந்தது. கிருசாந்திக்கு இல்லை. "ஆமாம், அது நல்ல சிப்ஸ். நான் பொய் சொல்ல மாட்டேன். அது மொறுமொறுப்பாக இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது" என்றார். அவருடைய ஆங்கிலம் கடை ஆங்கிலம், வாக்கியங்கள் சின்னவை. "ஆனால் இந்த மார்ச்சில் சூப்பர்மார்க்கெட் அலமாரியில் மாவு இல்லை, முட்டை இல்லை. ஞாபகம் இருக்கிறதா? கப்பல் வராவிட்டால் நாம் எதைப் பொரிப்பது?"

அவர் கேட்டது ஒன்றுதான். நடுவதற்கு முன்பே, தங்களுக்கு எவ்வளவு கிழங்கு வேண்டும், என்ன விலை தருவார்கள் என்று ராகேஷிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் இரு பக்கமும் சொன்ன சொல்லில் நிற்க வேண்டும். முழுவதும் அவனிடமே வாங்க வேண்டுமென்றில்லை. ஒரு பங்கு போதும். அவன் நட முடிவெடுக்கிற அளவுக்கு.

பஞ்சாபிக்காரர் சிரித்தார். "இது தர்மம், கிருசாந்தி. வியாபாரம் இல்லை."

"தர்மமென்றால் நான் கோயிலுக்குக் கொடுப்பேன். அடுத்த வருஷமும் எனக்குக் கிழங்கு வேண்டும். அதற்குத்தான் கொடுக்கிறேன்."

பஞ்சாபிக்காரரும் ஒரு சீனக் குடும்பமும் எழுந்து போனார்கள். மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். சமோவாப் பெண் மட்டும் போகும்போது, "எனக்குப் பெரிய கிழங்காகப் பார்த்து அனுப்பச் சொல்" என்றாள். கையெழுத்து எதுவும் இல்லை. மறுநாள் கிருசாந்தி ராகேஷுக்கு போன் செய்தார். அந்த வசந்தத்தில் அவன் நட்டான்.

இரண்டு அறுவடைகள் நன்றாகவே போயின. ஒரு பருவத்தில் சந்தை விலை விழுந்து, கிருசாந்திக்குக் கை கடித்தது. மற்றதில் ஏறி, ராகேஷுக்குக் கடித்தது. இருவரும் சொன்ன சொல்லில் நின்றார்கள். கடையில் எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போடாமல், விலையை ஏற்றாமல் அந்த இழப்பை அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். "சனிக்கிழமைக்கு ஆள் வைக்கேல்லை, நானே நிண்டன்" என்றார். அவ்வளவுதான் பதில்.

பிறகு 2023 ஜனவரியில் அந்த வெள்ளம். ஆக்லாந்தில் இருந்த எவரும் அந்த வெள்ளிக்கிழமையை மறக்க மாட்டார்கள். விமான நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. மங்கரேயில் இருக்கும் அந்த நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை செய்யும் கிருசாந்தியின் கணவர் மறுநாள்தான் வீடு வந்து சேர்ந்தார். புகெகோஹேயில் அறுவடைக்குக் காத்திருந்த கிழங்கு மண்ணோடு அடித்துக்கொண்டு போனது. நின்ற தண்ணீரில் மிச்சம் அழுகியது. மேட்டுப் பக்கத்தில் கொஞ்சம் தப்பியது. அதுவும் வெடிப்பும் வடுவுமாக. சூப்பர்மார்க்கெட் திரும்பிக்கூடப் பார்க்காத கிழங்கு.

ராகேஷ் தானே போன் செய்தான். "சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை. தம்பியிடம் சொல்லி பெல்ஜியத்துப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கடையை மூடாதீர்கள்."

கிருசாந்தி அப்படியே செய்தார், தயங்கவே இல்லை. யசீகரன் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கும்போது கேலி செய்யாமல் இருக்க முடியவில்லை.

"அண்டைக்கு இதைக் கீழ தள்ளி விழுத்தினீங்கள், அக்கா."

"ஓம், விழுத்தினனான். இண்டைக்கு இது இல்லாட்டில் கடை பூட்டு. அண்டைக்கு எனக்குப் பாதிதான் விளங்கினது. ஒரு தோட்டக்காரனை மட்டும் நம்பவும் ஏலாது, ஒரு கப்பலை மட்டும் நம்பவும் ஏலாது." பெட்டியை அவரே வாங்கி உள்ளே வைத்தார். "பெல்ஜியத்தில வரி கட்டுற ஆக்களுக்கு என்ர நன்றி எண்டு சொல்லு."

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு மற்ற மூன்று கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு புகெகோஹே போனார். பிரணவியும் வந்தாள், நானும் போனேன். மேட்டுப் பக்கத்துக் கிழங்கைச் சேற்றிலிருந்து பொறுக்கினோம். அழுகலை ஒதுக்கினோம். மிச்சத்தை அந்த நான்கு கடைகளும் பழைய விலைக்கே எடுத்துக்கொண்டன. வடுவை வெட்டி எறிய இருமடங்கு நேரம் ஆனது. சமோவாப் பெண்ணின் அண்ணன்மார்கள் கடைப் பின்புறத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டே உரித்தார்கள். கிருசாந்தி விலைப்பலகையில் சாக்கட்டியால் எழுதினார்: இன்றைய சிப்ஸ், பாதி புகெகோஹே, பாதி பெல்ஜியம். வாடிக்கையாளர்கள் படித்துவிட்டு சிரித்தார்கள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

வெள்ளம் அடித்த இடங்களுக்கு அரசு கொஞ்சம் உதவித்தொகை கொடுத்தது. வாங்குவதா என்று ராகேஷ் யோசித்தான். எண்பத்து நான்கைப் பெருமையாகச் சொன்ன அவனுடைய அப்பாதான், "இது மானியமில்லை, வெள்ளம். போய் வாங்கு" என்று அனுப்பி வைத்தாராம். இதைச் சொல்லும்போது கிருசாந்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை பெரிய தொகை என்று கேள்வி. ராகேஷ் ஒரு வாரம் அவகாசம் கேட்டான். அந்த வாரம் கிருசாந்தி அவனுக்கு போன் செய்யவே இல்லை. நான் ஏன் என்று கேட்டேன்.

"அவன்ர காணி, வைஷாலி. விக்கிறதெண்டால் அவன் என்னை நினைச்சுக் கவலைப்படக் கூடாது. நான் கதைச்சா அது பாரம்."

அவன் ஓரத்தில் ஒரு துண்டை விற்றான். மீதியில் நட்டான். வடிகால் வெட்டி, பள்ளப் பக்கத்தில் வெங்காயம் போடுவதை நிறுத்திவிட்டு, மேட்டுப் பக்கம் முழுக்கக் கிழங்கு.

பிறகு ஒரு வருஷம் ஐரோப்பாவில் வறட்சி, அங்கே விளைச்சல் குறைந்தது, கப்பல் கூலியும் ஏறியது. உறைந்த சிப்ஸின் விலை கடகடவென்று மேலே போனது. ஒரு திங்கள் காலை நான் தேநீருக்காக அவர் கடைப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தபோது வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. அன்றைக்கு எழுந்து போன பஞ்சாபிக்காரர். பின்னால் அந்தச் சீனக் குடும்பத்து மகன். வந்தவர்கள் முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வாடகையைப் பற்றி. பஞ்சாபிக்காரர் கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ராகேஷிடம் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

நானாக இருந்தால் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பேன். குறைந்தது தர்மம் என்ற சொல்லை ஞாபகப்படுத்தியிருப்பேன். கிருசாந்தி இரண்டு கோப்பை கூட எடுத்து வைத்தார். பால் இருக்கிறதா என்று பார்த்தார். மற்றவர்களுக்கு என்ன விலையோ அதே விலைதான், சந்தையில் ஏறினாலும் இறங்கினாலும் நிற்க வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை என்று சொன்னார். அவர்கள் சரி என்றார்கள்.

பிறகு போனை எடுத்து, ராகேஷின் எண்ணை அழுத்திக்கொண்டே அவர்கள் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் நடப்போகிறான். உங்களுக்கு எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள்."